உன் அம்மாவை டீமில் எடுத்திருக்கிறார்கள்

ஞாயிறு மதியம்
வீட்டிலிருந்து, கான்சாஸ்

அன்பு மகள் அன்னலீஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தாத்தா, நான் மூவரும் சுகம், என் முட்டி இரண்டைத் தவிர. அலாஸ்காவில் நீயும் குளிரைச் சமாளித்து ஒழுங்காகச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நான் முடிப்பதற்குள் நீ சிரித்துவிடுவாய், அதனால்தான். ஊரில் யாராவது வீடியோ அனுப்புவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். உன் அம்மா, நாற்பத்துமூன்று வயதில், நம்மூர் ஜூனியர் காலேஜின் பெண்கள் கூடைப்பந்து டீமில் ஆடுகிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

நான் அந்தப் பிள்ளைகளுக்கு பஸ் ஓட்டுவதுதான் உனக்குத் தெரியுமே. அவர்கள் பயிற்சி முடிக்கும்வரை சும்மா உட்கார முடியாமல் பந்து பொறுக்கிப் போடுவேன், நடுவில் நானும் நாலு பந்து கூடையில் போடுவேன், அவ்வளவுதான். ஆகஸ்டில் ஒரு பெண்ணுக்கு முட்டியில் ஆபரேஷன், இன்னொருத்திக்குத் தோள் விலகிவிட்டது, மூன்றாவது பெண் வீட்டு ஞாபகம் தாங்காமல் ஊருக்கே போய்விட்டாள். மிச்சம் ஆறு பேர். கோச் ரெனிட்டா, உன்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவள், பஸ் கதவில் சாய்ந்துகொண்டு, ரொவீனா, நீங்க காலேஜ்ல எப்பவாவது ஆடியிருக்கீங்களா என்றாள். இல்லை என்றேன். அப்ப ஒருத்தர் இங்க ஆடலாம்னு விடற ரெண்டு வருஷமும் உங்களுக்கு அப்படியே பாக்கி இருக்கு, வயசுக்கு வரம்பெல்லாம் கெடையாது, வந்து சேருங்க என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இந்த ஆறு பேரை வச்சு வருஷத்த ஓட்ட முடியாது, டீமையே கலைச்சிருவாங்க, இந்தப் பிள்ளைங்க எங்க போவாங்க என்றாள். என் பள்ளிக்கூட நாட்களில் நம் பக்கத்துக்கு ஒரு கோச்சும் எட்டிப் பார்த்ததில்லை, நீ எங்க ஆடப்போறேன்னு என்னை ஒருத்தரும் கேட்டதில்லை. முதல்முறை கேட்கிறார்கள், நான் கையில் பஸ் சாவியோடு நிற்கிறேன்.

சேர்க்கிற பெண்ணின் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவிடம் பேசுவது கோச்சுகளின் வழக்கம். ரெனிட்டா அதையும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தாள், நான் முட்டைக்கோசும் கறியும் வைத்த பன் சுட்டிருந்தேன். தாத்தா சர்ச்சுக்குப் போடுகிற கோட்டைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார், அந்த வெயிலில். உங்க பொண்ண எங்ககிட்ட அனுப்புங்க சார், படிப்பையும் கவனிச்சுக்குவோம் என்றாள் அவள் முகம் மாறாமல். தாத்தா யோசித்து, அவளுக்கு இடது கையில பந்து தட்டவே வராதே என்றார். சொல்லித் தரேன் சார். கோபம் வந்தா நடுவரை மொறைப்பா. அதையும் பாத்துக்கறேன். ராத்திரி எத்தன மணிக்கு வீட்டுக்கு அனுப்புவீங்க என்று தாத்தா கேட்டதும் அப்பாவுக்குக் காபி மூக்கு வழியாக வந்துவிட்டது. எல்லாம் சரி, இனிமே பஸ்ஸை யார் ஓட்டறது என்றார் அப்பா. ரெனிட்டா அவரையே பார்த்தாள். கிடங்கில் லாரி ஓட்டுகிற லைசென்ஸ் இருக்கிறதல்லவா, மாட்டிக்கொண்டார். ஓட்டறேன், ஆனா பாட்டு நான்தான் போடுவேன் என்று நிபந்தனை போட்டார். இப்போது பிள்ளைகள் அந்தப் பாட்டையெல்லாம் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்கிறார்கள்.

முதல் நாள் பயிற்சியில் குப்பைத்தொட்டியில் வாந்தி எடுத்தேன். அக்டோபர் முழுக்க தினமும் நாளையிலிருந்து வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டேதான் போனேன், அதனால்தான் உன்னிடம் வாய் திறக்கவில்லை. பந்தைத் தட்டிக்கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற பெண் டேஜா, மெம்ஃபிஸ்காரி, பொல்லாத வாய். ஆன்ட்டி, செத்துகித்துப் போயிடாதீங்க, அப்புறம் உங்க வீட்டுக்காரர் பாட்டுக்கு யார் தலையாட்டறது என்பாள். ஆனால் எனக்குக் கால் பிடித்துக்கொண்டால் உட்கார்ந்து நீவிவிடுவதும் அவள்தான். டீமில் ஆட மாணவியாகவும் சேர வேண்டுமாம், அதனால் காலையில் உயிரியல் வகுப்பு, அதிலும் பக்கத்து நாற்காலி அவள்தான், என் குறிப்பைப் பார்த்துத்தான் எழுதுகிறாள்.

போன வியாழக்கிழமை நம் அரங்கிலேயே முதல் ஆட்டம். இரண்டாம் பாதியில் ஒருத்தி ஐந்து ஃபவுலோடு வெளியே வந்தாள், இன்னொருத்தி கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பெஞ்சில் நான் ஒருத்திதான். உள்ளே போனேன். எதிர் டீம் பெண் ஒருத்தி, இது யாரோட அம்மா என்று சத்தமாகக் கேட்டாள். ஒன்னோட அம்மாவா இருந்தா மரியாதை சொல்லிக் குடுத்திருப்பாங்க என்றாள் டேஜா. மூலையில் எனக்குப் பந்து வந்தது, போட்டேன், வளையத்தைக்கூடத் தொடாமல் கீழே விழுந்தது. மாணவர்கள் கூட்டம் முழுக்கக் கேலி. தாத்தா மட்டும் எழுந்து நின்று, கையைத் தூக்கு, கையைத் தூக்கு என்று கத்துகிறார். அடுத்த முறை டேஜா அதே மூலைக்கே அனுப்பினாள். வேண்டாம்டி என்று கண்ணைக் காட்டினேன். போடுங்க ஆன்ட்டி என்று அலறினாள். போட்டேன். வலையில் சர்ரென்று இறங்கியது, அன்னலீஸ். மூன்று பாயிண்ட். அப்பா என்ன செய்தார் என்று நான் பார்க்கவில்லை, தாத்தாவைக் கட்டிக்கொண்டார் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

நாங்கள் நாலு பாயிண்டில் தோற்றுவிட்டோம். உடைமாற்றும் அறையில் பிள்ளைகளெல்லாம் அழுதார்கள், டேஜாவும்தான். வயதுக்கு மூத்தவள் நான்தானே, ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. சிரிப்பை அடக்கவே முடியாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆன்ட்டியும் அழறாங்க என்று ஒருத்தி வந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

உனக்குக் கடவுள் துணை இருக்கட்டும், எடுத்த வேலையெல்லாம் கைகூடட்டும். காருக்குப் பனி டயர் மாற்றிவிட்டாயா, தள்ளிப்போடாதே. கிறிஸ்துமஸுக்கு வருகிறவள் ஒரு வாரம் கூடுதலாக லீவு போடு, ஜனவரி முதல் வாரம் எங்களுக்கு நம் அரங்கிலேயே ஆட்டம் இருக்கிறது.

ஆயிரம் முத்தங்களுடன்
உன் அம்மா
ரொவீனா ட்ரைலிங், முதலாம் ஆண்டு