சிரட்டையில் கொடுத்த தண்ணீர்

அன்புள்ள சூசைக்கு,

நீ இறந்த செய்தி, அடக்கமெல்லாம் முடிந்து மூன்றாம் நாள்தான் விராலிமலைச் சந்தையில் என் காதுக்கு வந்தது. வாங்கிய கத்தரிக்காயைக் கடையிலேயே போட்டுவிட்டு ஆவூருக்கு பஸ் ஏறினேன். பக்கத்து ஊர்தான். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட வராதவன், நீ இல்லாதபோது வந்தேன்.

சண்டைக் காலத்தில் நாம் வேலை பார்த்த கப்பலில் பல் டாக்டர் கிடையாது. வயிற்றுக்கடுப்புக்கும் பல்வலிக்கும் ஒரே டாக்டர்தான். நீ அவருக்குக் கையாள், நான் சமையலறையில். கடைவாய்ப்பல் வீங்கி மூன்று நாள் கஞ்சிகூட இறங்காமல் கிடந்தேன். கப்பல் ஆடிய ஆட்டத்தில் டாக்டருக்குக் குறடு நிலைகொள்ளவில்லை. நீதான் என் தலையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு, "கண்ண மூடிக்க பங்காளி, இந்தா வந்துருச்சு" என்றாய்.

பல் வந்தது, ரத்தம் நிற்கவில்லை. பஞ்சை வைத்து, உன் கட்டைவிரலால் ஒரு மணி நேரத்துக்கு மேல் அழுத்திக்கொண்டிருந்தாய். வலி தாங்காமல் அந்த விரலைக் கடித்துவிட்டேன். நீ எடுக்கவில்லை. அப்புறம் உன் எனாமல் குவளையிலேயே உப்புத்தண்ணீர் கொடுத்தாய். மறுநாள் அதே குவளையில் டீயும் குடித்தேன். அப்போது என் சாதி எங்கே போயிருந்தது?

ஊர் திரும்பிய பிறகு ஒரு மத்தியானம் என்னைத் தேடி வந்தாய். வாசலில் மாமனும் சித்தப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். நீ தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு படலோரம் ஒதுங்கி நின்றாய். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. ஆத்தா சிரட்டையில் தண்ணீர் கொண்டுவந்தாள். பழியை அவள்மேல் போட்டுவிடலாம்தான். ஆனால் அதை வாங்கி உன்னிடம் நீட்டியது என் கை.

குடித்துவிட்டு, "பல்லு புடுங்குன எடம் ஆறிருச்சுங்களா ஐயா?" என்று கேட்டாய். தலையை மட்டும் ஆட்டினேன். வெட்கங்கெட்டவன்.

இப்போது ஆவூரில் உன் வீட்டுக்குப் போனபோது, உன் மனைவி ஆரோக்கியம் என்னைப் பாயில் உட்காரவைத்து, கப்பலில் நீ வைத்திருந்த அந்த எனாமல் குவளையில் தண்ணீர் தந்தாள். "இத யாரையும் தொடவிட மாட்டாக. ஒங்களுக்குன்னா குடுக்கலாம். 'எம் பங்காளி'ன்னு ஒங்களப் பத்திப் பேசாத நாளு இல்லைங்க" என்றாள்.

சிரட்டையைப் பற்றி அவளிடம் நீ மூச்சே விடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஏன் மறைத்தாய் சூசை? என் மானத்தைக் காப்பாற்றவா, உன் மானத்தையா? நானும் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். அதுதான் இரண்டாவது அசிங்கம். அதனால்தான் இதை நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு வருவேன். ஆரோக்கியத்திடம் எல்லாவற்றையும் என் வாயால் சொல்வேன், தண்ணீர் வாங்கிக் குடிப்பதற்கு முன்னால். அதைக் கேட்ட பிறகு அவள் எதில் தந்தாலும் குடிப்பேன்.

உன் பங்காளி,
வேலுச்சாமி