காய்ச்சல் இறங்காத வாரம்

நவ. 11, செவ்வாய்
விடிஞ்சதுலேருந்து தூறல். புதுக்கோட்டை ஆஸ்பத்திரி, தனி ரூம். மச்சானுக்கு 102. நாலு நாளா ஊசி ஏறுது, காய்ச்சல் இறங்க மாட்டேங்குது. ரத்தப் புத்துநோய்க்குக் கொடுத்த கீமோவுல வெள்ளையணு அத்தனையும் போயிருச்சாம்.
டாக்டரம்மா: "நீங்க சம்சாரமா? எதிர்த்து நிக்க அவரு ஒடம்புல ஒண்ணுமே இல்லம்மா. சின்னக் கிருமி போதும்."
வாங்க வேண்டியது: மாஸ்க், சோப்பு, புதுத் துண்டு. பழம், பூ கூடாது.
உளறுறார். கடல்ல மீன் புடிக்கிற நெனப்பு. "வலைய இழுங்கடா"ங்கிறார்.

நவ. 12, புதன்
ரத்தத்துல கிருமி எதுவும் அகப்படல. நெஞ்சு ஸ்கேன். நுரையீரல்ல பூஞ்சையோன்னு சந்தேகம். வேற மருந்து. ஏறினதும் ஒரே நடுக்கம், கட்டிலே ஆடுது. 103. யா அல்லா.
ஜெகதாப்பட்டினத்துலேருந்து மாமியார் போன்: "இங்கிட்டே கொண்டாந்துரு. ஓதிப் பாப்போம்." முடியாதுன்னுட்டேன். அழுதாங்க. நானுந்தான்.

நவ. 13, வியாழன்
தும்மல். தொண்டை கரகரப்பு. மறைச்சிரலாமான்னு பார்த்தேன். மறுபடி தும்மல். நர்ஸ் பார்த்துட்டாங்க.
"வெளிய வாங்க. ஒங்க சளி தொத்துனா அவரு தாங்க மாட்டாரு."
மச்சான் மயக்கத்துல. சொல்லாமலே வந்துட்டேன். கூட யாரு இருப்பா? அவர் தம்பி ஜபார் ஒருத்தர்தான். மாமனார் மவுத்தாகி அடக்கம் பண்ணின அன்னைக்கு நடந்த சண்டையிலேருந்து ரெண்டு பேருக்கும் பேச்சில்ல. போன் போட்டேன். கேக்க வாய் வரல.
அவரே: "எந்த வார்டு மதினி?"

நவ. 14, வெள்ளி
மழை. ஜபார் தொப்பலா நனைஞ்சு வந்தார். குளிச்சு, துணி மாத்தி, மாஸ்க் போட்டபிறகுதான் விட்டாங்க. கதவுக் கண்ணாடி வழியா பார்த்தேன். மச்சான் மொகத்தத் திருப்பிக்கிட்டார். ஜபார் ஈரத்துணியால அண்ணன் காலத் தொடச்சுக்கிட்டே இருந்தார்.
102. வராண்டாவுல தொழுதேன்.

நவ. 15, சனி
கஞ்சி எறங்கல. 101. வெள்ளையணு லேசா தலைகாட்டுதாம்.
டாக்டரம்மா: "இப்பவே சந்தோசப்பட்டுறாதீங்க."
சந்தோசமா? பயந்து பயந்து அதெல்லாம் மறந்தே போச்சு.

நவ. 16, ஞாயிறு
மூக்கு இன்னும் ஒழுகுது. உள்ள விடல. ஜபார் போனை மச்சான் காதுல வச்சார்.
"எங்கடி போன?" ஈனக் கொரல். நான் அவர விட்டுட்டு ஊருக்குப் போயிட்டேன், அதான் தம்பிய அனுப்பியிருக்கேன்னு நெனச்சுக்கிட்டே கெடந்திருக்கார். ஜபார் எத்தனை சொல்லியும் நம்பல.
"சளி மச்சான். வெளிய வராண்டாவுலதான் இருக்கேன்."
"பொய் சொல்லாத!"
கத்துறார். இருமிக்கிட்டே கத்துறார். காய்ச்சல் இன்னும் 100. நேத்து மொனகக்கூடத் தெம்பில்ல.
திட்டுங்க மச்சான்னேன். இன்னும் திட்டுங்க.