கூடத்து விளக்கு

அன்புள்ள அத்தாவுக்கும் அம்மாவுக்கும், அஸ்ஸலாமு அலைக்கும். போனில் "நல்லா இருக்கேன்" என்று மட்டும்தான் சொல்கிறேன். இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உண்மையாக எழுதப்போகிறேன். அத்தாவின் முட்டி வலி குறைந்ததா?

படிப்புக்காக மயிலாப்பூரில் மாமா வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்குப் பிடித்தது கரண்ட் போகும் நேரம்தான். சோலார் பேட்டரியில் கூடத்து விளக்கும் ஒரு ஃபேனும் மட்டுமே ஓடும். மாமா, மாமி, அவர்கள் பையன் உமர் எல்லோரும் அங்கே வந்து உட்கார்ந்து பேசுவார்கள். நம் வீடு மாதிரியே இருக்கும்.

நான் பத்தாம் வகுப்பு என்பதால் மாமா மேலும் இரண்டு பேட்டரிகள் சேர்த்துவிட்டார். மெக்கானிக் பழைய பேட்டரிகளை மீட்டரில் பார்த்து, "ஒரு வருசந்தான் ஆவுது பாய், புதுசோட சேக்கலாம்" என்றார்.

நேற்று மாலை கரண்ட் போனது. எல்லா அறைகளிலும் விளக்கு எரிந்தது. பழக்கத்தில் நான் மட்டும் கூடத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் எடுக்க வந்த மாமி, "இன்னாம்மா, உன் ரூம்ல லைட்டு எரியலியா?" என்றார்.

"எரியுது மாமி" என்றேன். ஆனாலும் எழுந்து போகவில்லை. மாமி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா, என் பழைய போர்வையையும் நம் வீட்டு டார்ச்சையும் அனுப்புங்கள். டார்ச் இங்கே தேவையில்லை. இருந்தாலும் அனுப்புங்கள்.

இதோ, இப்போதும் கரண்ட் போய்விட்டது. மாமி சத்தம் போடுகிறார்: "அல்லாரும் கூடத்துக்கு வாங்க!"

"அப்ப பேட்டரி எதுக்குடி?" என்று மாமா சிரிக்கிறார். அவசரமாக முடிக்கிறேன்.

உங்கள் மகள் ஷிஃபானா.

மற்ற அறைகளில் விளக்கை அணைத்துவிட்டார்கள். நானும் அணைத்துவிட்டேன்.