தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டோம்

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லோரும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்று எழுத மனசு வரவில்லை, அதனால் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று மட்டும் கேட்கிறேன். போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். மாப்பிள்ளைதான், "லெட்டராப் போடுங்க அத்தே, படிப்பா" என்றார். பஸ்ஸில் கண்டக்டராக டிக்கெட் கிழித்துக் கிழித்தே பழகிய கை, எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

முதலில் விஷயத்தை என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். உன் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்து சில வாரம் ஆகிறது. அன்று நீ போனில் அழுத அழுகையைக் கேட்டுவிட்டு அவன் அப்போதே மாப்பிள்ளையைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட்டான், உனக்கும் தெரிந்திருக்கும். அதுவரை மறைத்தது நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான். உன் பிள்ளை வயிற்றிலேயே போன துக்கம் ஆறுவதற்குள் இங்கே ஒரு குழந்தை அழுகிற சத்தம் உன் காதில் விழக்கூடாது என்று நினைத்தோம். நீ கூப்பிட்டால் போதும், மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவாள். எப்போது பார்த்தாலும் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறதே என்று நீ கேட்டதற்கு, தொட்டி நிரம்புகிறது என்றார் உன் அப்பா. நம் தெருவுக்குத் தண்ணீர் வருகிற லட்சணம் உனக்குத் தெரியாதா, இதைவிட நல்ல பொய்யாக அந்த மனுஷனுக்கு வாயில் வரவில்லை. நான் மட்டும் என்ன யோக்கியம்? அவளுக்கு எப்போது என்று நீ கேட்டபோதெல்லாம், இன்னும் வலி எடுக்கவில்லை, தேதி தள்ளிப் போகிறது என்று சொல்லிவைத்தேன். தேதி தள்ளிப் போகிறது என்ற பேச்சு உன்னை என்ன பாடு படுத்தும் என்று என் மரமண்டைக்குத் தோன்றவே இல்லை. "காத்திருக்காதீங்கம்மா, இன்னிக்கே கூட்டிட்டுப் போய்க் கீறி எடுக்கச் சொல்லுங்க, உங்க கால்ல விழறேன்" என்று நீ கதறினாயே, அப்போது குழந்தை குளியலறையில் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அவளும் அதைக் கேட்டு உள்ளேயே அழுதிருக்கிறாள். உன் கோபம் நியாயம்தான். வாய் ஓயும் வரை என்னைத் திட்டு, பேசாமல் மட்டும் இருக்காதே.

உன் அத்தை போனில் சொன்னதையும் மனசில் வைத்துக்கொள்ளாதே. "பிரசவத்துக்கு இங்க வந்திருந்தா கீறி உசிரோட எடுத்திருப்பாங்க" என்றாளே, அன்றைக்கே அவளை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். இங்கே இப்போது பிரசவம் என்றாலே ஆபரேஷன்தான், மருமகளுக்கும் அப்படித்தான். அந்த வார்டில் படுத்திருந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் இருமக்கூடப் பயந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு பெண் தானாகப் பெற்று மறுநாளே நடமாடினாள், கல்யாணப் பெண்ணைப் பார்க்கிற மாதிரி அவளை எட்டி எட்டிப் பார்த்தார்கள். பத்தில் ஏழு கத்திதான் என்று நர்ஸ் சொன்னாள். நீங்கள் இருக்கிற வெளிநாட்டில் பத்தில் இரண்டுதான், உடம்பு தானாகப் பெறட்டும் என்று பொறுத்திருப்பார்கள் என்று நீ மாசமாக இருந்தபோது பெருமையாகச் சொன்னாய். எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. நான் உன்னைப் பெற்றபோது கீறித்தான் எடுத்தார்கள். விடிய விடிய வலி பார்த்துவிட்டு மயக்க மருந்து கொடுத்தார்கள், கண் விழித்தபோது துணி சுற்றிய பிள்ளையைப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். நீ பிறந்த நேரத்தில் நான் அங்கே இல்லாத மாதிரிதான். "வலி தெரியாம பெத்த மகராசி" என்று என்னை ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததும் இதே அத்தைதான்.

மாப்பிள்ளை அனுப்பிய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மருமகளுக்குப் பிரசவம் பார்த்த டாக்டரம்மாவிடம் போனேன். என் மகள் இங்கே இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா, ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். முழுவதும் படித்துவிட்டு, "ரெண்டு நாள் முன்னாடி எடுத்திருந்தா பொழச்சிருக்கலாம்மா. ஆனா எடுக்கணும்னு சொல்ல இதுல ஒரு காரணமும் இல்ல. இங்க நாங்க கீறறதுல பாதி பயத்துல கீறறதுதான்" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் தலையிலாவது பழியைப் போட்டுவிட்டு வரலாம் என்றுதான் போயிருந்தேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். வந்திருக்க வேண்டும், வந்திருக்க வேண்டும் என்று நீ சொல்லிக்கொண்டே இருக்கிறாயாம். எதைப் பார்த்துவிட்டு வந்திருப்பாய் அம்மா? டாக்டர்கள் கண்ணுக்கே ஒன்றும் படவில்லையே. உயிர் இல்லை என்று தெரிந்த பிறகும் முழு வலியையும் பட்டு அவனைப் பெற்றாய். அப்போதாவது கீறி எடுத்து உன்னை விட்டிருக்கக் கூடாதா என்று அங்கே உள்ளவர்களை நான் திட்டாத நாள் இல்லை. அப்படிப் பெறுவதுதான் உன் உடம்புக்கு நல்லதாம், டாக்டரம்மா சொன்னார். இருக்கட்டும். உன் கையைப் பிடித்துக்கொள்ள நான் இல்லையே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

பால் இன்னும் கட்டி வலிக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார், வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டு. வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. மருமகள், "அண்ணி திட்டினாலும் பரவால்ல, பேசினாப் போதும்" என்கிறாள்.

இன்னொன்று. அங்கே ஆஸ்பத்திரியில் உன் பிள்ளையின் காலடியை மையில் பதித்து, நீங்கள் வைத்த பெயரையும் எழுதிக் கொடுத்தார்களாமே. என்ன பெயர் என்று இங்கே ஒருவரும் உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் உடைந்துபோவாய் என்று, 'நடந்தது', 'அந்த விஷயம்' என்று சொல்லியே ஒப்பேற்றிவிட்டோம். நேற்று உன் தம்பி மகளுக்குப் பெயர் வைப்பதில் ஆளுக்கு ஒன்றைச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். நடுவில் உன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். பின்னாலேயே போனேன். "மூத்தவன் பேரே நமக்கு இன்னும் தெரியாதேடி" என்றார்.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் துணையாக நல்லபடியாக இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். மாத்திரையை விட்டுவிடாதே. போனை எடுக்க முடியாவிட்டாலும் போகட்டும், அவன் பெயரை மட்டும் எழுதி அனுப்பு.

உன் அம்மா,
அவனுக்குப் பாட்டி