சீக்கிரம் காலாவதியாகும் சான்றிதழ்

என் செல்லப் பிடிவாதத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நானாகவே நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன், இல்லையென்றாலும் நீ சொல்லவா போகிறாய். இங்கே நாங்கள் இருவரும் சுகம். அப்பாவுக்குப் படி ஏறும்போது வலது முழங்கால் மட்டும் முரண்டு பிடிக்கிறது. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஊரையே மேலே ஏற்றி இறக்கிய மனிதர் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி, இதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வருகிறது, அதனால் தினமும் ஒருமுறை சொல்கிறேன். என் தையல் கடையில் ஆஸ்பத்திரிச் சீருடை வேலை கழுத்து வரை கிடக்கிறது. போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். நீ போன் செய்தால் அவர் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், நீ வைக்கிற வரைக்கும் ஒரு பக்கம் திரும்புவதில்லை. இது அவர் காதில் விழக்கூடாத சேதி. இப்போது முடிவெட்டப் போயிருக்கிறார், வருவதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ உன் நெட்வொர்க் சான்றிதழைப் பற்றிச் சொன்னாயே, இனிமேல் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பரீட்சை மையத்துக்குப் போய் முழுப் பரீட்சையும் எழுத வேண்டியதில்லை, வருஷா வருஷம் வீட்டிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, புத்தகத்தையும் பார்த்துக்கொண்டே சின்னதாக ஒன்று எழுதினால் போதும், சான்றிதழ் அடுத்த வருஷத்துக்கு நீண்டுவிடும் என்று. சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தாய், பாதியில் உன் குரல் இறங்கிவிட்டது. நல்லதுதானே, உனக்கு அலைச்சல் மிச்சம் என்று நானும் சொல்லிவைத்தேன். போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நின்றேன். இந்த வருஷம் உன் சான்றிதழ் முடிகிறது, நீ வருவாய் என்று போன மாதமே உன் படுக்கைக்குப் புது உறை தைத்து வைத்துவிட்டேன்.

நீ ஊரை விட்டுக் கிளம்பிய நாளை நான் மறக்கவில்லை. தன் கம்பெனி ஆபீசில் அவர் நாலு பேர் காலைப் பிடித்து வாங்கித் தந்த வேலையை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டுவிட்டு, கையில் டிக்கெட்டோடு வந்து நின்றாய். இங்க உனக்கு ஏதாவது வேலை இருந்தா வா, இல்லேன்னா வராதேன்னு அவர் கத்தினார். கோபத்தில் மனிதர் ஆயிரம் சொல்வார், லிஃப்டையே திட்டுகிறவர். நீ அதைக் கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி பிடித்துக்கொண்டாய், அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். மூன்று வருஷம் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு சான்றிதழ் காலாவதியாகிறது, உன் ஊரில் மையம் இல்லை, இங்கே வந்துதான் பரீட்சை எழுத வேண்டும் என்றாய். வேலையாத்தானே வர்றா, வரட்டும் என்றார் அவரும். அப்படியே இரண்டு தடவை வந்து போனாய். உன் ஊரில் மையம் இல்லை என்றதை நான் நம்பினேன் என்றா நினைத்தாய்? இங்கே மையத்தில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடிக்காரி என் கடையில்தான் துணி தைக்கக் கொடுக்கிறாள். உன் ஆபீசுக்கு எதிர்க் கட்டடத்திலேயே ஒரு மையம் இருக்கிறது என்று முதல் தடவையே சொல்லிவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. பொய் சொல்லியாவது பிள்ளை வீட்டுக்கு வருகிறாளே, அது போதாதா எனக்கு.

மையம் இருக்கிற அந்த மருந்துக்கடை மாடிக்கு அவர் உன்னை ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனது நினைவிருக்கிறதா. பரீட்சை அறைக்குள் எதையும் கொண்டுபோகக் கூடாதாம், மேலே பொருள் வைக்கப் பெட்டி இருந்தும் நீ வாட்ச், கம்மல், போன் எல்லாவற்றையும் கழற்றி அவர் கையில்தான் கொடுப்பாய். எல்லாம் எடுத்துட்டியா என்பார், எடுத்தாச்சு என்பாய், அவ்வளவுதான் அப்பனும் மகளும் பேசுகிற பேச்சு. நீ இறங்கி வருகிற வரைக்கும் படிக்குக் கீழே உட்காராமல் நிற்பாராம், உட்கார்ந்தால் பையிலிருந்து ஏதாவது விழுந்துவிடுமாம். போன தடவை கம்மலில் ஒரு திருகாணி தொலைந்துவிட்டது என்று வீடெல்லாம் தேடினாயே, அது தொலையவில்லை. நீ போன பிறகு அவர் சட்டையைத் துவைக்க எடுத்தேன், பையில் இருந்தது. கொண்டுபோய்க் காட்டினேன், வாங்கி, அப்போது போட்டிருந்த சட்டையின் பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அது சட்டைக்குச் சட்டை மாறிக்கொண்டிருக்கிறது. நானும் துவைக்கும் முன் எடுத்து மேசையில் வைத்துவிடுகிறேன். நீ இருந்தபோது ஈரத் துண்டை நாற்காலியில் போடாதே என்று உன்னைத் திட்டித் தீர்த்தேன், இப்போது அந்த நாற்காலி காய்ந்து கிடக்கிறது, அதைப் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, வேறு எப்படிச் சொல்வது.

சேதிக்கு வருகிறேன். உனக்குத்தான் தெரியுமே, முன்பெல்லாம் உன் சான்றிதழை அவர் எப்படிக் கிண்டல் செய்வார் என்று. சான்றிதழ் என்ன பாலா, நாளானா திரிஞ்சு போக, நான் ஒரு தடவை பாஸ் பண்ணினேன், சாகற வரைக்கும் நான் மெக்கானிக்தான் என்று சுவரில் மாட்டியிருக்கிற தன் லைசென்ஸைக் காட்டுவார். அதே மனிதர் இந்த வாரம் முழுக்க, புத்தகத்தைப் பார்த்து எழுதறதெல்லாம் ஒரு பரீட்சையா, பக்கத்துல ஒரு ஆள் உட்கார்ந்து சொல்லிக் குடுத்தா யாருக்குத் தெரியும், விவஸ்தை கெட்ட கம்பெனி என்று அந்தச் சான்றிதழ்க் கம்பெனியைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தார். புதன்கிழமை இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு முழங்காலுக்கு டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பினார். முழங்கால் டாக்டருக்கு இஸ்திரிச் சட்டை எதற்கு என்று அப்போதே எனக்கு உறுத்தியது.

மறுநாள் கண்ணாடிக்காரி கைநீளம் குறைக்க ஒரு சட்டையோடு கடைக்கு வந்தாள். ஐயா நேத்து எங்க மையத்துக்கு வந்திருந்தாரும்மா என்றாள். முதலில் எதற்கு விதியை மாற்றினீர்கள் என்று சண்டை பிடித்தாராம். நாங்க மாத்தலீங்க, கம்பெனிங்க ஒவ்வொண்ணா வீட்டுப் பரீட்சைக்குப் போயிட்டு இருக்கு, எங்க கம்ப்யூட்டரே பாதி சும்மா கிடக்குன்னு அவள் உள்ளே கூட்டிப்போய் மூலையில் அடுக்கிவைத்திருக்கிற நாற்காலிகளைக் காட்டினாளாம். அதைப் பார்த்ததும் அடங்கிவிட்டாராம். அப்புறம், நேர்ல வந்துதான் எழுதணும்கிற பரீட்சை ஏதாவது மிச்சம் இருக்கா என்று கேட்டிருக்கிறார். அவள் இருப்பதிலேயே பெரிதாக ஒன்றைச் சொல்லி, இதை எழுதிட்டா அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்லைங்க என்றாளாம். அவர் தலையை ஆட்டி, அது வேண்டாம்மா, சீக்கிரமா காலாவதியாகிறதா ஒண்ணு சொல்லு என்றாராம். அவளுக்குச் சிரிப்பு வந்து, அப்புறம் சிரிக்க முடியவில்லையாம். சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

அப்படித் தேடி அவர் பிடித்த பரீட்சை எது தெரியுமா, ஒரே வருஷத்தில் காலாவதியாவது, கம்ப்யூட்டரை இப்போதுதான் தொட ஆரம்பித்தவர்களுக்கானது. பிரின்டர் வயரை எங்கே சொருகுவது, பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லக் கூடாது, இந்த மாதிரி. ஒரு பேங்க்கின் நெட்வொர்க் முழுக்க உன் கையில் ஓடுகிறது, உனக்கு இது. கண்ணாடிக்காரி அதைச் சொல்ல வாயெடுத்தாளாம், அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டாளாம். அன்று ராத்திரி சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார், அவகிட்ட சொல்லு, புதுசா ஒரு பரீட்சை இருக்காம், இப்போ அதுக்குத்தான் மதிப்பாம், நேர்லதான் எழுதணுமாம், நான் சொன்னேன்னு சொல்லாதே. இந்தப் பரீட்சைக்கு உன் ஊரில் மையம் இருக்கிறதா என்று அவர் கேட்கவே இல்லை, நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த பிறகுதான் போனில் சொல்வேன், அதுவரை ஏதாவது சாக்குச் சொல்லி அவரை இழுத்தடிக்கிறேன். நான் சொல்லும்போது புதிதாகக் கேட்பதுபோல் கேள், சிரித்து வைக்காதே, பேப்பருக்குப் பின்னால் அவர் இருப்பார். அப்படியாம்மா, ரொம்பக் கஷ்டமான பரீட்சையாச்சே, நேர்ல வந்துதான் எழுதணும் என்று கொஞ்சம் உரக்கச் சொல்லு.

வா என்று சொல்ல அவருக்கு வாய் வராது, வரட்டுமா என்று கேட்க உனக்கும் வராது, இரண்டு பிடிவாதத்துக்கும் நடுவில் நான் ஒருத்தி நூல் கோர்த்துக்கொண்டிருக்கிறேன். சாக்கு இல்லாமல் நீ வரலாம், கதவு திறந்துதான் இருக்கிறது, ஆனாலும் அவர் அந்த முழங்காலோடு மாடி ஏறிப்போய் உனக்காக ஒரு சாக்குத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார், அதைக் கீழே போட எனக்கு மனசு வரவில்லை. இன்னொன்றும் கண்ணாடிக்காரியிடம் நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்தப் பரீட்சையில் தோற்றுப்போனால் உடனே திரும்ப எழுத முடியாதாம், பதினைந்து நாள் காத்திருந்துதான் ஆக வேண்டுமாம். கம்பெனி விதியாம், யாராலும் மாற்ற முடியாதாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, கழுத்தை ஒடித்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்க்காதே, வரும்போது அந்தக் கம்மலையே எடுத்துக்கொண்டு வா, திருகாணி பத்திரமாக இருக்கிறது. நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும் என்று எப்போதும் போலக் கும்பிட்டுக்கொள்கிறேன், இந்த ஒன்று மட்டும் துலங்க வேண்டாம். பழக்க தோஷத்தில் முதல் தடவையே பாஸ் பண்ணி வைக்காதே, மறந்துவிடாதே.

படிச் சத்தம் கேட்கிறது, நின்று நின்று ஏறுகிறார்.

வழி பார்த்திருக்கும்,
உன் அம்மா