குண்டுவின் கடைவாய்ப்பல்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம் என்று நானே எழுதிக்கொள்கிறேன், கேட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்பதுதானே உன் பதில்.

நீ விட்டுப்போன முயல் குண்டுவுக்கு எட்டு வயது முடிந்துவிட்டது. சில மாதமாகவே அது என் தையல் மிஷினுக்குப் பக்கத்து முக்காலியில் ஏறுவதில்லை, பின்பக்க முடி சடை பிடித்து ஈரமாகவே கிடந்தது. உன் பெரியமாமா வந்து, கூண்டுக்குள் கைகூட விடாமல், "கொழுப்பு, வேற ஒண்ணுமில்ல" என்று தீர்ப்புச் சொன்னார். பறவைத் தீனிக் கடை வைத்திருப்பதால் நாலுகால் பிராணிகளும் அவருக்கு அத்துப்படியாம், அவர் வளர்த்த கிளியே பட்டினி தாங்காமல் பறந்துபோனது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்று அவர் சொன்னால் கேட்ட எனக்குப் புத்தி எங்கே போனது? துணியைத் தொட்டே தரம் சொல்கிற கை, அதன் முதுகைத் தடவிப் பார்த்திருந்தால் எலும்பு இடறியிருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை புல்லை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. தாடையெல்லாம் எச்சில். புழுக்கை மிளகளவுக்குச் சுருங்கி, மதியத்துக்குள் அதுவும் நின்றுபோனது. மாமா "வயசான சீவன், விட்டுடுங்க" என்றார். உன்னைக் கேட்டால் நீயும், "பாவம்ப்பா, நிம்மதியா போகட்டும்" என்று இரண்டே நிமிடத்தில் வழியனுப்பிவிட்டாய். அத்தனை தூரத்திலிருந்து இரக்கப்படுவது சுலபம்தான். அம்மாதான் நம் மூவரையும் சேர்த்துத் திட்டிவிட்டு, அதைத் துண்டில் சுற்றிக் கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு நடந்தாள், நான் பின்னால் போனேன். அவர் குண்டுவின் வாயைத் திறந்து விளக்கடித்துக் காட்டினார். கடைவாய்ப்பல் முள்ளாக வளர்ந்து நாக்கைக் கிழித்திருந்தது. "முயல் ஒருநாள் சாப்பிடலன்னாலே ஆபத்து, வயசு மேல பழியப் போட்டு உட்காந்திருக்கீங்களே" என்றார். இடுப்பில் மூட்டுவாதமும் இருக்கிறதாம், அதனால்தான் ஏறவும் முடியவில்லை, திரும்பித் தன்னை நக்கிச் சுத்தம் செய்யவும் முடியவில்லை. பல்லை அராவ மயக்கமருந்து கொடுத்தால் இந்த வயதில் தாங்குமோ என்று அவரே தயங்கினார், தாங்கியது. மறுநாள் ஒரு கொத்தமல்லித் தண்டைத் தின்றது. அம்மா அழுதாள், நான் மிஷினுக்கு எண்ணெய் விடப் போய்விட்டேன்.

நேற்று மாமா வந்து, "நான் அப்பவே நினைச்சேன், பல்லாத்தான் இருக்கும்னு" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, இருவரும் தீர்க்காயுசாக இருங்கள். அடுத்த முறை போன் செய்தால், குண்டு இன்னும் இருக்கா என்று கேட்காதே. இன்றைக்கு என்ன தின்றது என்று கேள்.

உன் அப்பா