ஒளித்து வைக்க வேண்டியவள்

11 செப். 1957, புதன்

காலையிலிருந்து மழை. காஜா பேராங் ரோட்டில் மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய காகிதக் கொடியெல்லாம் சாயம் ஒழுகித் தொங்குகிறது. கணக்குப் பாடம் பாதிதான் முடிந்தது.

ஞாயிறு அன்று சரோஜா அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை தம்பின் ரயில் ஸ்டேஷனில் கிராணி, எழுத்து வேலை. அக்காவுக்குப் பதினெட்டு, எனக்குப் பதினைந்து.

டீச்சர் இன்றும், "சரோஜா தங்கச்சி, போர்டை அழி" என்றார். எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது. போர்டை அழித்தேன்.

12, வியாழன்

வாங்க வேண்டியவை: ரவை, நெய், சீனி, பிஸ்கோத்து, மல்லிகை (சனி மாலை).

பக்கத்து வீட்டு செட்டி மாமி தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்; தமிழ் வராது, மலாய்தான் வரும். வேலிக்கு மேல் எட்டி, சின்னவளை எங்கே ஒளித்து வைக்கப் போகிறீர்கள் என்று அம்மாவைக் கேட்டார். எல்லா வீட்டிலும் செய்வதுதான். பெரியவளைப் பார்க்க வந்தவர்கள் சின்னவளைக் கேட்டுவிட்டால்? என் சிநேகிதி சுமதியை, அவள் அக்காவைப் பார்க்க வந்தபோது, இரண்டு நாள் தெங்கேராவில் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

அம்மா சிரித்துவிட்டு உள்ளே வந்து என்னிடமே சொன்னாள்: "உன்னைப் போய் ஒளிக்கணுமாம்! நீதானே காப்பி கொண்டாந்து வைக்கப் போறே."

சுருக்கென்றது. கடைக்குப் போய்ச் சீனியை மறந்து, மறுபடி போனேன்.

14, சனி

நல்ல வெயில். திரைச்சீலை துவைத்ததில் ஒன்று கிழிந்தது. ஏச்சு.

குழாயடிக்கு அக்கா வந்தாள்.

"நாளைக்கு செமாபோக் சின்னம்மா வீட்டுக்குப் போயிடுறியா?"

"காப்பி யாரு கொடுப்பா?"

"நானே கொடுத்துக்கிறேன். நீ வாயத் திறந்தா எல்லாரும் உன்னையேதான் பார்க்குறாங்க. எனக்குப் பேச்சே வராது. அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாதுடி. எனக்குப் பயமா இருக்கு."

கண் கலங்கியிருந்தது. அடேயப்பா, சரோஜாவுக்கு என்னைப் பார்த்துப் பயம்! சரி என்றேன்.

15, ஞாயிறு

சின்னம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம் என்று அம்மாவிடம் புளுகிவிட்டு, ஒன்பது மணி பஸ். சின்னம்மா ஜம்மென்று மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "என்னடி திடீர்னு?" என்றாள். பாதி மீனை நான் கழுவினேன்.

சாயங்காலம் வீடு. அம்மா பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டில் சம்மதமாம். தை மாதம் கல்யாணம்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காகப் போனியே" என்று அழுதாள்.

அவளுக்காக நான் போகவில்லை. என்னையும் ஒளித்து வைக்க ஒரு ஆள் நினைத்ததே, அதற்காகத்தான் போனேன். போகிற வழியெல்லாம் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே இருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.